ஆறு நிமிட நடை

மாதத்தில் ஒரு நாள் லிப்ட்காரர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். மற்ற நாட்களில் அவருடைய சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?

வேலையில் இருந்த காலம் முழுவதும் லிப்ட் பழுது பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். மனைவி சிறுநீரகம் கெட்டு, கொரோனாவுக்கு முன்பே போய்விட்டாள். ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அவர் இருந்தார். இன்னோர் அறையில் மனைவியின் தையல் மெஷினும் மடித்து வைத்த பாயும் இருந்தன.

கொரோனா வந்தபோது அவரைப் பார்க்க ஆளில்லை என்பதால் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போனார். போன அன்றே மயக்க மருந்து கொடுத்து, தொண்டைக்குள் குழாய் விட்டு, குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் விரிந்து கொடுக்கும். முகம் வீங்கும், தாடையில் புண் வரும். கவனிப்பு நன்றாக இருந்ததால் அவருக்குத் தாடைப் புண்ணோடு போயிற்று.

விழித்தபோது தொடை இரண்டும் வற்றிக் கைத்தடி மாதிரி இருந்தன. கரண்டியைத் தூக்கினால் கை ஆடியது. தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுத்தார்கள். விழுங்கும் தசைகள் சோர்ந்து கிடக்கும்போது வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பத்து நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்தது. உயிரைப் பிடித்து வைக்கிற மும்முரத்தில் உடம்பு நகம் வளர்ப்பதை நிறுத்தி வைத்திருந்ததன் தழும்பு அது. இதெல்லாம் வழக்கமாக வருவதுதான். முன்கூட்டி யாரும் சொல்லாததால் பயமாக இருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். ஒல்லியான, சாப்பிட மறந்துவிடுகிற ரகத்தைச் சேர்ந்த இளைஞர். குழாய் போட்டுப் பிழைத்தவர்களில் சிலருக்கு நுரையீரல் பழையபடி ஆகிவிடுகிறது, சிலருக்குத் தழும்பு விழுந்து கெட்டித்துப் போகிறது, ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். மாதம் ஒரு முறை வந்தால் ரத்தம் எடுப்பார்கள், குழாயில் ஊதச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள்.

"வர்றீங்களா சார்?"

"வேற எங்க போகப் போறேன்?" என்றார் லிப்ட்காரர்.

நடைதான் அதில் முக்கியம். தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் கூம்பு வைத்திருப்பார்கள். விரலில் பிராணவாயுவும் நாடியும் பார்க்கிற கிளிப்பை மாட்டிவிட்டு, ஆறு நிமிடம், முடிந்த மட்டும் வேகமாக, கூம்புக்குக் கூம்பு நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதுதான் கணக்கு. இதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிஸ்டர். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம், தட்டைச் செருப்பு, அநாவசியமாகச் சிரிக்காத முகம்.

அந்தச் சோதனைக்கு ஒரு சட்டம் உண்டு. நடக்கிறவரோடு சிஸ்டர் கூட நடக்கக் கூடாது. கூட நடந்தால் அவருடைய வேகம் இவருக்கு ஒட்டிக்கொள்ளும். நடுவில் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு தடவை அச்சடித்த தாளில் உள்ள வாக்கியத்தை மட்டும், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்ல வேண்டும். ஒருவரை அதிகமாக உற்சாகப்படுத்தி இன்னொருவரை விட்டுவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

"நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"அப்படியே நடங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"நல்லா நடக்கிறீங்க. பாதி முடிஞ்சிருச்சு."

முதல் மாதம் லிப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். ஒவ்வொரு கூம்பிலும் நின்று முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். அப்போதும் சிஸ்டர் அதே குரலில், "நல்லா நடக்கிறீங்க" என்றார். கேலியோ என்று லிப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை. கைத்தடிக் காலோடு தள்ளாடுகிற ஒரு மனிதனைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சொன்னாள் என்பதை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அதற்கு முன்னெல்லாம் அவள் கூப்பிடுவது அபூர்வம். பிறந்தநாளுக்கு ஒன்று, பணம் அனுப்பினால் ஒன்று. இப்போது வாரம் தவறாமல் கூப்பிட்டாள்.

"எவ்வளவு நடந்தீங்கப்பா?"

அவர் தூரத்தைச் சொன்னார்.

"இருமல்?"

"காலையில கொஞ்சம்."

"விரல்ல மாட்டிப் பாத்தீங்களா? எவ்வளவு காட்டுது?"

இப்படியே கொஞ்ச நேரம் ஓடும். அப்பாவும் மகளும் அத்தனை நேரம் பேசியது அவளுடைய பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சோதனை நாளில் இன்னொரு லாபமும் இருந்தது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பேக்கரிக்காரரும் அதே நாளில் வருவார். பெரிய வயிறு இருந்த இடத்தில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் வற்றவில்லை.

"என்ன லிப்ட்டு, இன்னைக்கும் கரண்ட் இல்லையா? நடுமாடியில நிக்குது?"

"உன் வண்டியைப் பாருய்யா. மாவு புளிச்ச மாதிரி உப்பிக்கிட்டு நடக்கிற."

"நான் உப்புவேன். அது என் தொழில். நீ மேல போகணும், அது உன் தொழில். போ, போ."

இப்படிச் சீண்டிச் சீண்டியே இருவரும் தேறினார்கள். மாதத்துக்கு மாதம் தூரம் கூடியது. டாக்டர் ஒரு கோடு வைத்திருந்தார். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் நோயில்லாதவர் நடக்கக்கூடிய தூரம் அது. ஒரு மாதம் இருவருமே போட்டி போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். அடுத்த மாதம் பேக்கரிக்காரர் முதலில் நடந்தார். மறுபடியும் தாண்டினார். சிஸ்டர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"அவ்வளவுதான். தொடர்ந்து ரெண்டு தடவை தாண்டிட்டீங்க. இனிமே மாசா மாசம் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

"விட்டது சனி!" என்று பேக்கரிக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். லிப்ட்காரர் தோளில் ஒரு அடி போட்டார். "நீயும் ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துரு. டீக்கடையில இருக்கேன்."

லிப்ட்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். தாண்டினால் இந்தத் தாழ்வாரம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை இல்லை. மகள் கேட்பதற்குத் தூரமும் இல்லை.

இப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் திட்டம் எதுவும் போடவில்லை. கால்தான் முதலில் முடிவு செய்தது. லிப்ட் தளத்தை நெருங்கும்போது வேகம் குறைவது வெளியில் தெரியாது. உள்ளே நிற்பவருக்கு வயிறுதான் சொல்லும். அந்த மாதிரி, யாருக்கும் தெரியாத அளவுக்குக் குறைத்தார். திரும்பும் இடத்தில் கூம்பருகே கொஞ்சம் நின்றார். சுவரில் கை வைத்தார். கோட்டுக்குக் கீழேயே நின்றுபோனார்.

"பரவாயில்ல, அடுத்த மாசம் பாப்போம்" என்றார் சிஸ்டர்.

அடுத்த மாதம் என்ற வார்த்தை அவருக்கு எவ்வளவு இனித்தது என்று சிஸ்டருக்குத் தெரிய நியாயமில்லை.

அப்புறம் அது பழகிவிட்டது. மாதா மாதம் ஒரு கூம்பு தூரம் குறைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி மூன்று மாடி ஏறுகிற மனிதர், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரைத் தேடினார். மூச்சு எவ்வளவு முட்டுது என்று கேட்டால் முகத்தைச் சுளித்தார். மகள் பதறினாள்.

"ஏம்ப்பா குறையுது? நல்லாத்தானே ஏறிக்கிட்டு வந்துச்சு?"

"தெரியலம்மா. டாக்டர் பாக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

"தனியா இருக்கீங்களே. நான் என்ன செய்வேன்?" வாரம் ஒரு தடவை என்பது இரண்டானது. நடு வாரத்திலும் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் அவருக்குக் குற்ற உணர்ச்சி குத்தியது. குத்தினாலும், போனை வைத்த பிறகு அன்றைக்கு ரொட்டியும் முட்டையும் ருசியாகத்தான் இருந்தன. மனுஷப் பிறவி அப்படித்தான்.

டாக்டருக்கோ அவர் ஒரு புதையலாகிவிட்டார். படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. குழாயில் ஊதினால் காற்றும் சரியாகப் போய் வந்தது. இதயத்திலும் கோளாறு இல்லை. ஆனால் நடக்க முடியவில்லை! டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"சார், நீங்க ரொம்ப முக்கியமான கேஸ். உங்களை மாதிரி இன்னும் சில பேர் இருக்காங்க. நோய் போன பிறகு தசையில என்னமோ நடக்குது. தொடையில ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பாக்கணும். மரத்துப்போக மருந்து போடுவோம், இருந்தாலும் ரெண்டு மூணு நாள் வலிக்கும். சம்மதமா?"

"அதுக்குத் தனியா வரணுமா?"

"ஆமா. அப்புறம் தையல் பிரிக்க ஒரு தடவை. வாராவாரம் பயிற்சிக்கும் வரணும்."

"சம்மதம்" என்றார் லிப்ட்காரர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சிஸ்டர் மேஜையருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொடையில் ஊசி என்றால் முகம் வெளுக்காத ஆளை அவர் பார்த்ததில்லை.

சதை எடுக்கிற நாளில், அதற்கு முன்னால் ஒரு நடை வைத்திருந்தார்கள். லிப்ட்காரர் பையிலிருந்து சோதனைக்கென்று வைத்திருந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார். கிளிப் விரலில் ஏறியது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. வழக்கம்போல மெதுவாகப் புறப்பட்டு, முதல் கூம்பில் நின்று, சுவரில் கை வைத்தார். முதல் நிமிடம் முடிகிற நேரம். அந்த வாக்கியத்துக்காகக் காது தானாகவே தீட்டிக்கொண்டது.

வாக்கியம் வரவில்லை.

இன்னும் நாலு எட்டு போட்டார். தாழ்வாரம் அமைதியாக இருந்தது. கடிகாரம் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தார். இரண்டாவது நிமிடமும் போனது. திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றிருந்தார். லிப்ட்காரரின் கால் நின்றுவிட்டது.

"சிஸ்டர், சொல்ல மறந்துட்டீங்க."

"மறக்கல."

"பின்ன?"

"நீங்க நல்லா நடக்கல. அதான் சொல்லல." சிஸ்டர் கடிகாரத்தை நிறுத்தினார். "போன மாசம் இங்கிருந்து போனதும் பஸ் கிளம்பிருச்சு. ஞாபகம் இருக்கா? நான் கேன்டீன் வாசல்ல நின்னேன். நீங்க என்ன செஞ்சீங்க?"

லிப்ட்காரர் குனிந்து ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"ஓடினீங்க. ஒரு கையில பை, ஒரு கையில செருப்பு. டிரைவர் நிறுத்துற வரைக்கும் ஓடினீங்க."

"செருப்பு வார் அறுந்திருச்சு சிஸ்டர்."

"நான் செருப்பைப் பத்திக் கேக்கல." சிஸ்டர் அவர் விரலைப் பிடித்துக் கிளிப்பைக் காட்டினார். "மூச்சு முட்டுறவனுக்கு நாடி எகிறும். உங்களுக்கு உக்காந்திருக்கிற நாடிதான் நடக்கும்போதும் இருக்கு. நாலு மாசமா. மிஷின் கோளாறுன்னு நெனச்சு ரெண்டு தடவை மாத்திட்டேன். எதுக்குய்யா இது?"

அவர் கூம்பைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் சிறு பிள்ளை மாதிரி சொன்னார்:

"நீங்க ‘நல்லா நடக்கிறீங்க’ன்னு சொல்றீங்கல்ல."

"அது எல்லாருக்கும் சொல்றது. தாள்ல இருக்கு. மாத்திச் சொன்னா எனக்குத்தான் திட்டு விழும்."

"தெரியும்."

சிஸ்டருக்குக் கோபம் வந்திருந்தது. பாதி வழியில் அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார்.

"இன்னைக்கு உங்க தொடையில ஓட்டை போட்டுச் சதை எடுப்பாங்க. நல்ல சதை. அதை நோய் வந்த சதைன்னு எழுதுவாங்க. அந்த அறையில ஒரு டீச்சரம்மா இருக்காங்க, பாத்தீங்களா? குளியலறை வரைக்கும் நடக்க முடியாம அழுறாங்க. அவங்களுக்கு நிஜமாவே முடியல. அவங்களையும் உங்களையும் ஒரே வரிசையில நிறுத்தி, ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் யோசிப்பாங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

லிப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சரம்மாவை அவருக்குத் தெரியும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, பேச மூச்சில்லாமல், கையை மட்டும் ஆட்டுகிறவர்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மாசா மாசம் கூப்பிடுவீங்களா?"

சிஸ்டர் பொய் சொல்லிப் பழகாதவர். "மாட்டோம்" என்றார்.

"அதான்."

அறுந்த சோதனையைத் தொடரக் கூடாது. நன்றாக உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகுதான் புதிதாகத் தொடங்கலாம். சிஸ்டர் டீ வாங்கி வந்து கொடுத்தார். நாடி பார்த்தார். கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"நடங்க. நிஜமா."

லிப்ட்காரர் நடந்தார். முதல் திருப்பத்திலேயே உடம்பு சூடாகிவிட்டது. தொடையில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. இத்தனை மாதம் அடக்கி வைத்த கால்கள் கட்டவிழ்த்த கன்று மாதிரி போயின. கூம்பை உரசிக்கொண்டு திரும்பினார். டீச்சரம்மா கதவோரம் வந்து நின்று பார்த்தார்.

"நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அதே குரல்தான். ஒரு மாத்திரை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குரல் வந்தது. ஒவ்வொன்றும் கடைசி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நில்லுங்க" என்று கேட்டபோது கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தார். இந்த முறை நாடி எகிறியிருந்தது.

டாக்டரிடம் அவரே போய்ச் சொன்னார். சிஸ்டர் வாசலில் நின்றார்.

டாக்டருடைய முகம் வாடிவிட்டது. புதையல் என்று தோண்டி வந்தவர் வெறும் பானைக்குள் கை விட்டுப் பார்த்த மாதிரி இருந்தார். "எப்போதிலிருந்து சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பேக்கரிக்காரர் போனதிலிருந்து."

"அப்போ உங்க நடை எல்லாத்தையும் எடுத்துடணும். மெதுவா நடந்ததை மட்டும் இல்ல, நல்லா நடந்ததையும். எது உண்மைன்னு எங்களால சொல்ல முடியாதே."

"ஆரம்பத்துல சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேனே, அது உண்மை."

"நீங்க சொல்றீங்க சார். நான் எப்படி எழுதுறது?"

லிப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். "ரத்தம்?"

"ரத்தத்தை வச்சுக்கறோம்" என்றார் டாக்டர். "அது பொய் சொல்லாது." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. எழுந்து கை கொடுத்தார். "உடம்பு நல்லா ஆயிடுச்சு சார். அதுதானே வேணும்? சந்தோஷமா போங்க. இனி நீங்க வர வேண்டாம்."

"வருஷத்துக்கு ஒரு தடவை?"

"அதுவும் வேண்டாம் சார். ஆராய்ச்சியில நீங்க இல்ல."

வெளியே வந்து ஷூவைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிஸ்டர் கூடவே நடந்து வந்தார். கூட நடக்கக் கூடாது என்கிற சட்டம் ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்குத்தான். தாழ்வாரத்தின் முனை வரைக்கும் இருவரும் ஒரே வேகத்தில் போனார்கள். முனையில் சிஸ்டர் நின்றுவிட்டார், டீச்சரம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"மாடிப்படி ஏறி இறங்குங்க. உக்காந்தே கிடந்தா தொடை மறுபடி வத்திரும்."

"சரி சிஸ்டர்."

"டெய்லரையாவது பாத்து அந்தச் செருப்பு வாரைத் தைங்க."

"அது செருப்புத் தைக்கிறவர்கிட்ட போகணும் சிஸ்டர். டெய்லர் இல்ல."

சிஸ்டர் சிரித்தார். ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "சதை எடுத்தாங்களாப்பா? வலிக்குதா?" என்றாள்.

"எடுக்கல. தேவையில்லன்னுட்டாங்க."

"ஏன்? என்ன ஆச்சு?"

அவர் தூரத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அப்புறம், "ஏங்க, அப்பாவுக்குச் சரியாயிருச்சாம்!" என்று அவள் புருஷனிடம் கத்துவது கேட்டது. இத்தனை மாதம் நடித்ததைச் சொல்லிவிடலாமா என்று அவர் வாய் திறந்தார். அந்த அழுகையைக் கேட்ட பிறகு சொல்லத் துணிவு வரவில்லை. நாலு மாதம் அவள் எப்படிக் கிடந்திருக்கிறாள் என்பது அந்த அழுகையில் இருந்தது.

"அப்பாடா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லப்பா. போன் அடிச்சாலே பயம். இனிமே உங்களை வாரா வாரம் நச்சரிக்க மாட்டேன், போதுமா?"

எதைக் காப்பாற்ற அத்தனை மாதம் சுவரைப் பிடித்து நடந்தாரோ, அது கைவிட்டுப் போகிற இடம் இதுதான். லிப்ட்காரர் போனை மறு காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்.

"நச்சரிச்சா என்ன?" என்றார்.

"என்னப்பா?"

"உடம்பு சரியாயிருச்சு. இருந்தாலும் நீ போன் பண்ணு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்: "பண்றேன்ப்பா. ஞாயித்துக்கிழமை பண்றேன். ஆனா என்ன பேசுறது?"

நுரையீரலை எடுத்துவிட்டால் அவர்களுக்கு நடுவில் பேச என்ன இருக்கிறது என்று ஒரு கணம் தேடிப் பார்த்தார்.

"யோசிச்சு வைக்கிறேன்ம்மா" என்றார்.

போனை வைத்தார். முட்டை பொரித்துச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், மாடிப்படி ஏறி இறங்கும்போதெல்லாம் யோசித்தார். யாரும் எதுவும் எண்ணாத படிகளில் நடப்பது வெறிச்சென்று இருந்தது. மகளைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், சீக்கிரமே தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை, தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, கேட்பதற்கு ஒன்று கிடைத்தது. ஈரத் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நாள் அது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

அவள் எத்தனையாவது மாடியில் குடியிருக்கிறாள் என்று அவர் இதுவரை கேட்டதே இல்லை.